பிறப்பதற்கு முன்பே எனக்கு வந்த நோய்

முதலில் எல்லோரும் கருவியைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஓசூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சுகாதார நிலையத்துக்குக் கர்ப்பத்தைப் பதிவு செய்யப் போயிருந்தேன். செவிலியர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். எண்ணைப் பார்த்துவிட்டுப் பட்டையை அவிழ்த்துத் தன் கையில் கட்டிப் பார்த்தார். பிறகு மறுபடி என் கையில் கட்டினார்.

"பஸ்ஸுக்கு ஓடி வந்தீங்களாம்மா?"

"இல்லைங்க. வீட்டுக்காரரு வண்டியில கொண்டாந்து வுட்டாரு."

"காபி ஏதாச்சும் குடிச்சீங்களா?"

"காலையில இருந்து ஒண்ணுமே குடிக்கலைங்க."

அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்து மூன்றாவது முறை பார்த்தார்கள். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு. கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து நின்ற கர்ப்பம், பன்னிரண்டு வாரம். செவிலியர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "இது கர்ப்பத்தால வந்த பி.பி. இல்லம்மா. அது வர்றதுன்னா இன்னும் ரெண்டு மாசம் போகணும். இது உங்களுக்கு முன்னாடியே இருந்திருக்குது" என்றார்.

இருந்திருக்கிறது. யாருக்குத் தெரியும்? சிப்காட் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் நான் தரம் பார்க்கும் பிரிவில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். நாள் முழுக்க வெள்ளை விளக்கின் கீழே நின்று இரும்பு வளையங்களை அளப்பதுதான் வேலை. தலை வலிக்கும். அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தலை வலிக்கும். தைலம் தேய்த்துக்கொண்டு அடுத்த பெட்டியை இழுப்போம். சாயங்காலம் கண் வீங்கியிருந்தால் தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வேன். சிறுநீரில் நுரை வந்ததைப் பற்றி யாரிடமாவது பேசுவதா? அது ஒரு விஷயம் என்றே எனக்குத் தெரியாது.

இதைப் படிக்கிற யாருக்காவது நுரை வந்தால், அது வெறும் நுரை இல்லை என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரகத்தின் சல்லடை வழியாக ஒழுகிப் போகிறது என்று பொருள்.

தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் எழுதிக்கொடுத்து, கர்நாடக எல்லையைத் தாண்டி பெங்களூருக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். என் கணவர் சேவியர் அதே சிப்காட்டில் வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவருக்கு ஒரு நாளைக்கு மேல் விடுமுறை கிடைக்கவில்லை. அதனால் என் அம்மாதான் கூட வந்தாள். அப்பா இறந்த பிறகு அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். பெயர் ஆரோக்கியமேரி. கூட வந்தவர் என்று அந்தப் பெயரைச் சீட்டில் எழுதும்போது பதிவு மேசையில் இருந்த பையன் சிரித்தான். அன்றைக்கு எனக்கும் சிரிப்பு வந்தது.

காத்திருக்கும் கூடத்தில் தலைக்கு மேலே கன்னடத்தில் பெயர் கூப்பிடுவார்கள். என் பெயர் ஜெசிந்தா. அதை அவர்கள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகக் கூப்பிட்டதால், காதைத் தீட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, சிறுநீர் கொடுக்க ஒரு வரிசை, ஸ்கேனுக்கு ஒன்று. ஒரு நாள் முழுக்கக் கழியும் சிறுநீரை ஒரு கேனில் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். அந்தக் கேனைத் துணிப்பையில் வைத்து மடியில் பிடித்தபடி அத்திப்பள்ளி சுங்கச்சாவடியின் நெரிசலில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் "ஏனு இதரல்லி?" என்று கேட்டார். இதில் என்ன என்று. "ஹாலு" என்றேன். பால் என்று சொல்லிவிட்டேன். அவர் பையை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள எனக்குக் கைகொடுத்தார்.

ஸ்கேன் அறையில் இருந்தவர் முதலில் குழந்தையைக் காட்டினார். இதயம் துடித்தது. பிறகு கருவியை என் விலாப்பக்கம் கொண்டுபோய் நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தார். வலது சிறுநீரகம் ஏழு புள்ளி எட்டு சென்டிமீட்டர். இடது எட்டு. பெரியவர்களுக்குப் பத்து, பதினொன்று இருக்க வேண்டுமாம். என் வேலையில் ஒரு வளையம் மயிரிழை குறைந்தாலே சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவேன். இரண்டு சென்டிமீட்டர் குறைவாக இருக்கும் உறுப்போடு இருபத்தெட்டு வருடம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்து எக்கோ. இதயத்தின் படம் எடுப்பது. அதில் இதயத்தின் இடது சுவர் தடித்திருப்பதாக வந்தது. அதிக அழுத்தத்துக்கு எதிராக வருடக்கணக்கில் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருந்தால் அந்தத் தசை பளு தூக்குகிறவன் கை மாதிரி தடித்துப் போகுமாம். கைக்கு அது நல்லது. இதயத்துக்கு நல்லதில்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஏழு. தசைகள் வேலை செய்யும்போது சேரும் கழிவு அது. சிறுநீரகம் ஒழுங்காக இருந்தால் அதைக் கழுவி வெளியேற்றிவிடும். கர்ப்பிணிகளுக்கு அது வழக்கத்தைவிடக் குறைந்திருக்க வேண்டும். எனக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது.

சிறுநீரக மருத்துவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். தாள்களை எல்லாம் புரட்டிவிட்டு, நான் எதிர்பார்க்காத கேள்வியைக் கேட்டார்.

"நீங்க பிறக்கும்போது எவ்வளவு எடை?"

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"எட்டு மாசத்துலயே பொறந்துட்டாளுங்க. ஒண்ணரை கிலோன்னு நர்ஸம்மா சொன்னாங்க. கோழிக்குஞ்சாட்டம் இருந்தா" என்றாள் அம்மா.

"அப்ப நீங்க என்ன வேலை பாத்தீங்கம்மா?"

"சூளகிரிப் பக்கம் கல்குவாரிங்க. ஜல்லி ஒடைக்கறது."

"பீடி, புகையிலை, மூக்குப்பொடி, ஏதாவது பழக்கம் இருந்துதா? குழந்தை வயித்துல இருக்கும்போது?"

"அய்யோ, இல்லைங்க."

நான் அந்தப் புகையிலை வாசனையில் வளர்ந்தவள். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தபோதெல்லாம் கன்னத்தில் ஒட்டிக்கொண்ட வாசனை அது. இந்த அறைக்குள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால்கூடக் கழிவறைக்குப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்திருந்தாள். இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் பொட்டலம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

"பொய் சொல்லாதம்மா" என்றேன்.

அம்மா தரையைப் பார்த்தாள்.

"போட்டேங்க" என்றாள் அம்மா. "எட்டு மாசமும் போட்டேன். போயிலை போட்டாத்தான் பசி தெரியாது. மொதல்ல வாந்தியா வந்துது, போயிலைய அடக்கிக்கிட்டா வாந்தி நிக்கும். வேல செய்ய முடியும். இது கெடுதல்னு ஒருத்தரும் எங்ககிட்ட சொல்லலைங்க."

மருத்துவர் ஒரு தாளை எடுத்து அவரைவிதை மாதிரி ஒரு படம் வரைந்தார். அன்றைக்கு அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

சிறுநீரகத்துக்குள் லட்சக்கணக்கான நுண்ணிய சல்லடைகள் இருக்கின்றன. தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவை அத்தனையும் உருவாகி முடிந்துவிட வேண்டும். பிறந்தபின் சில வாரங்களுக்குமேல் புதிதாக ஒன்றுகூட உருவாகாது. எத்தனையோடு வெளியே வந்தோமோ அத்தனையோடுதான் ஆயுள் முழுக்க. புகையிலையில் இருக்கும் நிகோட்டின் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகிறது. ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. குழந்தைக்கு வரும் ரத்தமும் குறைகிறது, பிராணவாயுவும் குறைகிறது. மூளையைக் காப்பாற்றிக்கொள்வதற்காகக் குழந்தையின் உடம்பு சிறுநீரகத்துக்குப் போவதைக் குறைத்துவிடுகிறது. சல்லடைகள் குறைவாகவே உருவாகின்றன. ரத்தக்குழாய்களும் கொஞ்சம் விறைப்பாகவே அமைந்துவிடுகின்றன. பிறந்த குழந்தை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடம் போகும், வேலைக்குப் போகும், கல்யாணம் செய்துகொள்ளும். உள்ளே மட்டும் இருக்கிற கொஞ்சச் சல்லடைகள் எல்லாருடைய வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கும். அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் மிச்சமிருக்கும் சல்லடைகளையும் கெடுக்கும்.

"அப்ப எல்லாம் இதனாலதானா டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஒரு ஆளை வச்சு அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. மிருகங்கள வச்சு ஆராய்ச்சி பண்ணதுல தெளிவாத் தெரியுது. மனுஷங்கள்லயும் அப்படித்தான் தோணுது. ஆனா உங்க அம்மா சாப்பிடாம இருந்ததும் இதே வேலையத்தான் செய்யும். கல்லு தூக்குனதும் செய்யும். எது எவ்வளவுன்னு பிரிச்சு எடுக்க என்னால முடியாது."

பிரித்தெடுக்க என்னாலும் முடியவில்லை. ஆனால் கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. பசி மேல் எப்படிக் கோபப்படுவது? அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்று என்னைத்தான் முடிவு செய்யச் சொன்னார்கள். மகப்பேறு மருத்துவர் சுற்றி வளைக்காமல் பேசினார். தொடர்ந்தால் சிறுநீரகம் இன்னும் கெடலாம், அது பழைய நிலைக்குத் திரும்பாமலும் போகலாம். குழந்தை மிக முன்னதாகப் பிறக்கலாம். பிழைக்காமலும் போகலாம். சேவியர் கேட்டுவிட்டு வெளியே வந்து மருத்துவமனைச் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"நீ இருந்தா எனக்குப் போதும் ஜெசி. கொழந்தை இல்லாட்டிப் பரவால்ல."

"எனக்குப் பரவால்ல இல்லைங்க."

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு உப்பில்லாத சாப்பாடு என்று ஆனபோது, அவரும் உப்பில்லாமல் சாப்பிட ஆரம்பித்தார். வேண்டாம் என்றால் "எனக்கும் இதுதான் புடிக்குது" என்பார். உப்பில்லாத குழம்பு யாருக்கும் பிடிக்காது. அவர் தட்டை வழித்துச் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு அழுகையாக வரும்.

மாத்திரைகளைச் சரிப்படுத்துவதற்காக ஒன்பது நாள் என்னை வார்டில் வைத்திருந்தார்கள். சிறுநீரகத்துக்கு நல்ல மருந்துகள் சில வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஆகாது. குழந்தைக்கு ஆகிற மருந்துகளில் என் அழுத்தம் இறங்க மறுத்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பட்டையைச் சுற்றுவார்கள். அந்தக் காற்றடிக்கும் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும், படபடத்தால் எண் ஏறும், ஏறினால் மறுபடி சுற்றுவார்கள். பக்கத்துக் கட்டிலில் ஆனேக்கல்லிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். அவள் கன்னடம், நான் தமிழ். பட்டை என் கையில் இறுகும்போது அவள் தன் கட்டிலிலிருந்து கை நீட்டி என் இன்னொரு கையைப் பிடித்துக்கொள்வாள். ஒன்பது நாளும் பிடித்தாள். அவள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அம்மா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தாள். நான் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன். தண்ணீர் வேண்டுமென்றால் செவிலியரைக் கேட்பேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவளுக்குக் கை நடுங்குவதைப் பார்த்தேன். தட்டைப் பிடிக்க முடியவில்லை. யாரிடமும் எரிந்து விழாதவள் துப்புரவுப் பெண்ணிடம் எரிந்து விழுந்தாள். கிராம்பை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தாள். முப்பது வருடப் பழக்கத்தை யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன? 'இப்ப எதுக்கு?' என்றுதான் மனதில் வந்தது. எனக்குச் சல்லடை உருவாகும்போது நிறுத்தியிருக்க வேண்டியதை, அது கெட்டு முடியும்போது நிறுத்துகிறாள்.

வீட்டுக்குப் போகும் நாளில் மருத்துவர் வந்தபோது அம்மா அவர் முன்னால் போய் நின்றாள்.

"டாக்டரம்மா, எங்கிட்ட இருந்து ஒரு கிட்னி எடுத்து இவளுக்கு வெச்சுடுங்க. எனக்கு ஒண்ணு போதும்."

மருத்துவர் பொறுமையாக, இப்போது அதற்கு அவசியம் வரவில்லை, வரும்போது சோதித்துப் பார்க்கலாம் என்றார். அம்மா என் பக்கம் திரும்பினாள். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ.

"உங்கிட்ட இருந்து வாங்குனதே போதும்" என்றேன்.

வார்டில் எல்லோர் காதிலும் விழுந்தது. ஆனேக்கல் பெண்ணுக்கு வார்த்தை புரியாவிட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா குனிந்து என் துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள். இன்றைக்கும் அந்த வார்த்தைக்காக நான் வருத்தப்படுகிறேனா என்றால், சில நாள் வருத்தப்படுகிறேன், சில நாள் இல்லை.

இருபத்தெட்டாவது வாரம் வரை ஓட்டினோம். ஒரு காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் என் முகம் எனக்கே தெரியவில்லை. அவ்வளவு வீக்கம். கண்ணுக்கு முன்னால் வெல்டிங் பொறி மாதிரி பறந்தது. வலது விலாவுக்குக் கீழே யாரோ முட்டியால் அழுத்துவதுபோல் வலி. சேவியர் காரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மருத்துவமனையில் பட்டையைச் சுற்றிய செவிலியர் எண்ணை என்னிடம் சொல்லவில்லை, ஓடினார். வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் ஊசி போட்டார்கள். அது ஏறும்போது நரம்புக்குள் கொதிநீர் ஊற்றிய மாதிரி உச்சி முதல் உள்ளங்கால் வரை எரியும். குழந்தையின் நுரையீரலுக்காக இன்னோர் ஊசி போட்டு, அது வேலை செய்ய அவகாசம் கொடுக்கப் பார்த்தார்கள். முழு அவகாசம் கிடைக்கவில்லை. அன்று மாலையே வயிற்றைக் கிழித்து எடுத்துவிட்டார்கள்.

பெண் குழந்தை. தொள்ளாயிரத்து நாற்பது கிராம். நான் ஒன்றரைக் கிலோ கோழிக்குஞ்சு என்றால் இவளை என்னவென்று சொல்வது? ரீனா என்று பெயர் வைத்தோம். பெயர் வைக்காமல் போய்விடக்கூடாது என்ற பயத்தில் அன்றைக்கே வைத்தோம்.

எனக்கு அழுத்தம் இறங்கவில்லை, சிறுநீர் வரவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். இரண்டு முறை டயாலிசிஸ் செய்தார்கள். கழுத்தில் குழாய் போட்டு ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவித் திருப்பி அனுப்புவது. குழந்தையை நான் பார்க்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து குழந்தைப் பிரிவிலிருந்து கேட்டு அனுப்பினார்களாம். இத்தனை சின்னக் குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் வைத்துக் கட்டிக்கொண்டால் சூடும் மூச்சும் சீராகும். கங்காரு முறை என்று சொல்கிறார்கள். தாய் வர முடியாவிட்டால் வீட்டில் யாராவது வரலாம். சிகரெட், புகையிலைப் பழக்கம் இருக்கக் கூடாது.

சேவியர் பகலில் வேலைக்குப் போய்விடுவார். அம்மா போனாள். பொய் சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னாளாம். முப்பது வருடம் போட்டேன், நிறுத்தி நாலு மாசம் ஆகிறது, என்னை விடுவீங்களா என்று. விட்டார்கள்.

செவிலியர் ஒருவர் கைபேசியில் அதைப் படமெடுத்து வந்து எனக்குக் காட்டினார். சாய்வு நாற்காலியில் அம்மா. அவள் வெறும் நெஞ்சின் மேல், அவள் உள்ளங்கை முழுதாக மூடிவிடக்கூடிய ஒரு சிவந்த உடம்பு. மூக்கில் குழாய். அம்மா அசையாமல் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். "உங்க அம்மா அஞ்சு மணி நேரம் எழுந்திரிக்கவே இல்லை. தண்ணிகூடக் குடிக்கலை" என்றார் செவிலியர் நெகிழ்ந்துபோய். எனக்கு நெகிழ்ச்சி வரவில்லை. பொறாமை வந்தது. என் குழந்தையின் முதல் சூடு என்னுடையதாக இல்லாமல் செய்தவளும் அவள்தான், அந்தச் சூட்டைக் கொடுப்பவளும் அவள்தான் என்று ஆத்திரம் வந்தது. படத்தை இன்னொரு முறை காட்டச் சொல்லிக் கேட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஐம்பத்தெட்டாவது நாள் ரீனாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அனுப்பும்போது குழந்தை மருத்துவர் வழக்கமான விஷயங்களை எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் சாதாரணமாக ஒன்று சொன்னார்.

"வருஷா வருஷம் இவளுக்குப் பி.பி. பாத்துடுங்க. யூரின் டெஸ்ட்டும் பண்ணிடுங்க."

"குழந்தைக்கா? எதுக்கு டாக்டர்?"

"கிட்னியில சல்லடைங்க நெறைய உருவாகறது கடைசி மூணு மாசத்துலதான். இவ அதுக்கு முன்னாடியே வெளிய வந்துட்டா இல்லையா? கொஞ்சம் கம்மியா இருக்க வாய்ப்பிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல, கவனமா இருந்தாப் போதும்."

நான் என் வாழ்நாளில் புகையிலையைத் தொட்டதில்லை. சேவியரும் தொட்டதில்லை. கர்ப்பத்தில் ஒரு வேளை மாத்திரை தவறவிடவில்லை. உப்பைத் தொடவில்லை. எழுந்து நட என்றால் நடந்தேன், படு என்றால் படுத்தேன். அப்படியும் அது என் உடம்பு வழியாக நடந்து அவளிடம் போய்விட்டது.

ரீனாவுக்கு ஒரு வயது நிறைந்த பிறகு, தொழிற்சாலையில் மறுபடி சேர்ந்தேன். கிரியாட்டினின் இரண்டு புள்ளி இரண்டில் நின்றுகொண்டிருந்தது. எத்தனை வருடம் நிற்கும் என்று மருத்துவர் சொல்லவில்லை. அந்த நாட்களில்தான் அம்மா, குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது, நான் கேட்காமலே ஒன்று சொன்னாள்.

"போயிலைய நான் கடையில போயி வாங்குனதில்ல ஜெசி. வாங்கக் காசு ஏது? மேஸ்திரிதான் குடுப்பாரு. காலையில ஆளுக்கு ஒரு துண்டு, மதியம் ஒரு துண்டு."

"எந்த மேஸ்திரி?"

"குவாரி மேஸ்திரிதான். தேன்கனிக்கோட்டையில வூடு கட்டிக்கிட்டு இருக்கறாருன்னு சொல்றாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு தேன்கனிக்கோட்டை பஸ் ஏறினேன். சேவியர் வேண்டாம் என்றார். போய் என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் இருந்தது.

விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் கருங்கல் பதித்த மாடி வீடு. எழுபத்தைந்து வயதுக்குமேல் இருக்கும், திடமான ஆள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றினாள். ஒரு கையில் குழந்தையை இடுக்கிக்கொண்டு மறு கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

"கும்புடறேங்க மேஸ்திரி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். தெலுங்கு வீட்டு ஆள், தமிழ் கொஞ்சம் இழுத்துப் பேசினார். "யாரும்மா நீ?"

"ஜல்லி ஒடைச்ச மேரிங்க. அந்தோணி சம்சாரம்."

"எத்தன மேரி, எத்தன அந்தோணி. எல்லாரையுமா ஞாபகம் வெச்சுக்க முடியும்?"

நான் முன்னால் போனேன். "வேலைக்கு வந்த பொம்பளைங்களுக்குப் போயிலை குடுத்தீங்களா?"

"குடுத்தேன். ஏன் கேக்கற? கூலியில புடிக்கலம்மா, சும்மாதான் குடுத்தேன். போயிலை போட்டா ஒருத்தியும் சோத்துக்குப் போவணும்னு எழுந்திரிக்க மாட்டா. வேலை நிக்காம நடக்கும். மொதலாளி அதுக்குன்னு தனியா மூட்டையே எறக்குவாரு."

"மாசமா இருந்தவங்களுக்குமா?"

"அவளுங்கதான் இன்னும் ரெண்டு துண்டு குடுன்னு கேப்பாளுங்க. வாந்தி நிக்கும்னு."

எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் சொன்னேன். என் சிறுநீரகத்தின் அளவைச் சொன்னேன், கழுத்தில் இருந்த குழாயின் தழும்பைக் காட்டினேன், குழந்தை பிறந்த எடையைச் சொன்னேன். அவர் கேட்டார். நிஜமாகவே காது கொடுத்துத்தான் கேட்டார்.

"பாவம்" என்றார். "ஆனா இப்ப கொழந்த நல்லா சுறுசுறுப்பாத்தானே இருக்குது? பழசெல்லாம் எதுக்கும்மா கெளர்றே? எனக்குந்தான் சக்கரை இருக்குது, யார் மேல பழி போடறது?" இரண்டு கையையும் அம்மா பக்கம் நீட்டினார். "இங்க குடு, பாக்கலாம்."

அம்மா ஓர் அடி முன்னால் வைத்தாள். குழந்தையை இடுப்பிலிருந்து எடுத்து, தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு கையாலும் அவர் பக்கம் நீட்டினாள்.

நான் பறித்துக்கொண்டேன். ரீனா பயந்து வீரிட்டாள். கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து நடந்தேன். பின்னால் அம்மா செருப்பை மாட்டுவதற்குத் தடுமாறும் சத்தம் கேட்டது. நான் நிற்கவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஊரைத் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

"ஏன் நீட்டுனேன்னு எனக்கே தெரியல ஜெசி. அவுரு குடுன்னாரு. குடுத்துட்டேன்."

ஒன்றரை வருடமாக நான் மனதுக்குள் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான். வயிற்றில் என்னை வைத்துக்கொண்டு ஏன் வாங்கி வாயில் போட்டாய்? ஒரு நாளாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாதா? இனி அதைக் கேட்க வேண்டியதில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் கை வரவில்லை. மன்னிக்கவோ தண்டிக்கவோ வேண்டிய ஆள் கருங்கல் வாசலில் பேப்பரை மறுபடி விரித்திருப்பார்.

ரீனாவைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்தேன். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஓசூர் பஸ் நிலையத்தில் இறங்கும்போது, படியில் நின்ற கண்டக்டர் உதவி செய்வதற்காகக் குழந்தையை வாங்கக் கை நீட்டினார்.

"வேண்டாங்க" என்றாள் அம்மா. "நானே எறங்கிக்கறேன்."